மீட்டர் சொல்லாத வயது

பழைய பிக்கப் வாங்க வருகிறவர் சாவியைப் போட்டதும் முதலில் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். மூன்று லட்சம் என்று காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். ஒன்றே கால் லட்சம் என்றால் விலை பேச உட்காருவார். மீட்டரைப் பின்னோக்கித் திருப்பும் தொழில் நாட்டில் ஓயாமல் நடப்பதற்கும் இந்தப் பழக்கமே காரணம். உண்மையில் அந்த எண் சக்கரம் சுற்றிய சுற்றுகளின் கணக்கு மட்டும்தான். எத்தனை கோடை அந்த வண்டியின் மேல் காய்ந்தது, எத்தனை முறை அது சூடாவதற்குள் அணைக்கப்பட்டது, ரேடியேட்டரில் எந்த ஊர்த் தண்ணீர் ஊற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் ஏறுவதே இல்லை.

2007 மாடல் டொயோட்டா டன்ட்ரா பிக்கப் ஒன்று 2016-இல் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டது. லூசியானா மாநிலத்து ஓட்டுநர் ஒருவர் அதில் அவசரச் சரக்குகளை ஏற்றிக்கொண்டு வடக்கு டகோட்டா, வயோமிங் என்று ஓடிக்கொண்டே இருந்தார். ஒன்பது ஆண்டுகளில் பத்து லட்சம் மைல், அதாவது 16 லட்சம் கிலோமீட்டர். மீட்டரில் அதற்கு மேல் இலக்கம் இல்லாததால் அது 999999-இல் நின்றுவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் தொழிற்சாலையில் பூட்டியவைதான். நிறுவனம் அவருக்குப் புது வண்டி கொடுத்து, பழையதை வாங்கிக் கழற்றி ஆராய்ந்தது. நேரம் தவறாமல் சர்வீஸ் விட்டார் என்பது அந்த ஆயுளுக்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டியின் எஞ்சின் குளிர்ந்துபோக நேரமே கிடைக்காது. அதன் வாழ்க்கை முழுவதும் நெடுஞ்சாலையில், ஒரே சீரான சூட்டில், ஒரே சீரான வேகத்தில் கழிந்தது. எஞ்சினுக்கு அதைவிடச் சுகமான பிழைப்பு கிடையாது.

ஏன் சுகம் என்பதை 1883-இல் லண்டனில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் தற்செயலாகக் கண்டார். ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளில் எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்று சோதிப்பது அவருடைய பணி. சுழலும் அச்சின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் நனைய, மேல்பாகத்தில் சுமையோடு தாங்கி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டிருந்தார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் மேலே பொங்கி வந்தது. தக்கையை வைத்து அடைத்தார், பிடுங்கித் தள்ளியது. மரக்கட்டையைச் செருகினார், அதையும் தள்ளியது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானியின் முள்ளோ 200-ஐத் தாண்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துத் தனக்கும் தாங்கிக்கும் நடுவே ஆப்புபோல் செருகிவிடுகிறது; தாங்கி அதன் மேல் மிதக்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். இன்று உங்கள் வண்டியின் கிராங்க் ஷாஃப்ட்டும் அதே கணக்கில்தான் சுற்றுகிறது. சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் நடுவில் இருக்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. தொடாதது தேயாது.

தொடும் நேரம் இரண்டு. சாவி திருப்பியதிலிருந்து எண்ணெய் அழுத்தம் ஏறும் வரையிலான சில நொடிகள் ஒன்று. எண்ணெய் குறைந்தோ கெட்டோ போன நேரம் இன்னொன்று. தோட்டத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஐந்து கிலோமீட்டர், அணை. மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு, அணை என்று ஓடும் வண்டிக்கு முதல் வகை நேரம் மிக அதிகம். முழுச்சூடு பிடிக்காத எஞ்சினில் எரிந்த வாயுவோடு வரும் நீராவி எண்ணெய்க்குள் குளிர்ந்து தங்கும்; அமிலமாகும்; கசடாகும். மீட்டரில் ஐம்பதாயிரம் ஏறுவதற்குள் அது இரண்டு லட்சம் ஓடிய நெடுஞ்சாலை வண்டியைவிட மோசமாகிவிடலாம்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் டீசல் பிக்கப். வயது பத்து, மீட்டரில் மூன்று லட்சம். வழக்கமான ஓட்டம் சுற்றுப்பட்டு ஊர்களுக்குத்தான். இப்போது சாமான் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய்வர வேண்டும். திண்டுக்கல்லில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்தால் கரூர், சேலம், பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத் வழியாகப் போகும்போது ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். மாதம் மே. நாக்பூரில் வெயில் 45 டிகிரியைத் தொடும் காலம்.

வண்டிக்காரரின் முதல் பயம் எஞ்சின்மேல்தான் இருக்கும். அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ள அதிக செலவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓடவிட்டபடியே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. குப்குப்பென்று புகை அடித்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அது இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குள்தான் எண்ணெய் குறைகிறது என்றால், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, டிப் ஸ்டிக்கை ஒவ்வொரு டீசல் பங்கிலும் உருவிப் பார்த்துக்கொண்டே போய்வரலாம். மாற்றிய எண்ணெய் இரண்டாம் நாளே கறுத்துவிட்டதே என்று சிலர் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போவார்கள். டீசல் எண்ணெய் கறுக்கத்தான் வேண்டும். கரித்துகளைத் தேங்கவிடாமல் தன்னுள் மிதக்கவைத்திருக்கும் ரசாயனம் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கறுப்பு நிறம் அது வேலை செய்வதற்கான அடையாளம்.

நடுவழியில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் இரும்பாக இருக்காது. இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான். ரப்பர் குழாய், பெல்ட், தண்ணீர், பிரேக் எண்ணெய், டயர் என்று மென்மையான பொருள்கள்தான் கவிழ்க்கும். அவை கிலோமீட்டர்க் கணக்கில் கிழடாவதில்லை. நாள்கணக்கிலும் சூட்டுக்கணக்கிலும் கிழடாகின்றன. வேதிவினையின் வேகம் வெப்பத்தோடு மடமடவென்று ஏறும் என்று 1889-இல் ஸ்வான்டே அர்ஹீனியஸ் காட்டினார். நடைமுறையில் பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு, பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பு. பானட்டுக்கு அடியில் இருக்கும் குழாய் ஐரோப்பாவில் எட்டு வருடம் உழைத்தது என்பதற்காகத் திண்டுக்கல்லிலும் எட்டு வருடம் உழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ரப்பர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சங்கிலிகளுக்கு இடையே முடிச்சுப் போட்டதுதான் 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட வித்தை. முடிச்சு குறைவாக இருந்தால் ரப்பர் பிசுபிசுக்கும், அதிகமானால் விறைக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வருடக்கணக்கில் புதிய முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஓசோன் இன்னும் கொடுமை: இழுபட்டு நிற்கும் இடத்தில் சங்கிலியையே வெட்டுகிறது. பழைய டயரின் பக்கவாட்டில் தெரியும் மயிரிழை வெடிப்புகள் ஓசோன் போட்ட கோடுகள்.

இப்போது பானட்டைத் தூக்கி ஃபேன் பெல்ட்டைப் பார்ப்போம். எஞ்சினுக்கு முன்னால் சுற்றும் அந்தப் பெல்ட்டுக்கு மேல் எத்தனை வேலை தொங்குகிறது என்று பல ஓட்டுநர்களுக்குத் தெரியாது. ஆல்டர்நேட்டரைச் சுற்றுவது அது. பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. நம்மூர் டீசல் பிக்கப்புகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்நேட்டரின் முதுகிலேயே பூட்டப்பட்டிருக்கும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் காற்றுக்குழாயில் தானாகவே வெற்றிடம் கிடைக்கும். அதை பிரேக் பூஸ்டருக்குக் கொடுத்துவிடலாம். டீசலில் காற்று தடையில்லாமல் உள்ளே போவதால் அந்த வசதி இல்லை. ஆகவே தனி பம்ப்.

பெல்ட் அறுந்தால் என்ன நடக்கும்? டாஷ்போர்டில் முதலில் எரிவது பேட்டரி விளக்கு. ஓட்டுநர் என்ன நினைப்பார்? “சார்ஜ் ஏறல போல, அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்.” பகல் நேரம், டீசல் வண்டி, பேட்டரி இல்லாமலும் கொஞ்ச தூரம் ஓடிவிடும் என்ற தைரியம். ஆனால் அந்த நொடியிலேயே தண்ணீர் சுற்றுவதும் நின்றுபோயிருக்கிறது. சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். அடுத்து பிரேக்கை மிதித்தால் முதல் இரண்டு மூன்று மிதிக்குப் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் கைகொடுக்கும்; பிறகு பெடல் கல்லாகும். ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் ஓரம்கட்டி பானட்டைத் திறப்பது ஒன்றுதான் வழி.

பெல்ட்டை எப்படிச் சோதிப்பது என்பதிலும் ஒரு பழைய வழக்கம் மாற வேண்டும். முன்பெல்லாம் திருப்பிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றுவார்கள். இப்போது வரும் இபிடிஎம் வகை ரப்பரில் வெடிப்பு அவ்வளவாக விழுவதில்லை. டயர் தேய்வதுபோலப் பள்ளங்கள் தேய்ந்து அகலமாகின்றன. பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். மழையில் நனைந்தாலோ சுமை ஏறினாலோ வழுக்கும். புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். நான்கைந்து வருடமாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட்டு, கழற்றியதைச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவைப்பது நல்லது. நேற்று வரை ஓடிய பெல்ட் என்பதால் அவசரத்துக்கு அதை நம்பலாம்.

ரேடியேட்டர் குழாய்களிலும் இதே ஏமாற்று உண்டு. வெளியே பளபளவென்று இருக்கும் குழாய் உள்ளுக்குள் வெடித்திருக்கும். கூலண்ட், உலோகம், ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய மின்கலம்போல வேலை செய்து, குழாயின் உட்சுவரில் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகின்றன. கிளிப் மாட்டும் முனைகளுக்கு ஓரிரு அங்குலத்துக்குள்தான் இது அதிகம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நடுக்குழாயை அழுத்திப் பார்த்துவிட்டு, அதே விரல்களால் கிளிப்பின் பக்கத்திலும் அழுத்துங்கள். நடுவில் விறைப்பாகவும் முனையில் தொளதொளவென்றும் இருந்தால் அந்தக் குழாய்க்கு நாக்பூர் வேண்டாம்.

இனி அந்தக் குழாய்களுக்குள் ஓடும் தண்ணீர். டீசலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறக்குறைய சக்கரத்துக்கான வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது; எஞ்சியதைத் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். ஊருக்குள் ஓடும்போது அரைகுறையாக அடைபட்ட ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும். 43 டிகிரி வெயிலில், சுமையோடு, மணிக்கணக்கில் எண்பதில் போகும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். பத்து வருடம் போர் தண்ணீர் குடித்த எஞ்சினுக்குள் சுண்ணாம்புப் படிவு படர்ந்திருக்கும். அந்தப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே சுவருக்கு ஒரு போர்வை போர்த்திய கதைதான்.

கூலண்ட் என்ற பச்சை அல்லது சிவப்புத் திரவம் குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தானே, உறைபனி இல்லாத ஊரில் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி அளவுக்கு ஏறுகிறது. அதைவிட முக்கியம், அதில் கலந்திருக்கும் துருத்தடுப்புப் பொருள்கள். டீசல் எஞ்சினின் சிலிண்டர் சுவர் ஒவ்வொரு வெடிப்புக்கும் அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீர்ப் பக்கத்தில் நுண்குமிழ்கள் உருவாகி, உடனே நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழும் இரும்பில் ஒரு பொட்டு எடுக்கும். பல லட்சம் பொட்டுகளுக்குப் பிறகு சிலிண்டர் சுவரில் ஓட்டை விழுந்த எஞ்சின்கள் உண்டு. கூலண்ட்டில் உள்ள ரசாயனம் சுவரின் மேல் மெல்லிய படலம் பூசி இதைத் தடுக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த ரசாயனம் தீர்ந்துவிடும். நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைத்துவிட வேண்டாம். அது ஸ்பிரிங் வைத்த வால்வு. உள்ளே வளிமண்டலத்தைவிட ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும் வரை பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் இருபது டிகிரிப் பாதுகாப்பு போய்விடும். சில நூறு ரூபாய்ச் சாமான். பயணத்துக்கு முன் மாற்றுவதற்கு இதைவிட லாபமான பொருள் வண்டியில் இல்லை. சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். 115 டிகிரியில் அடைபட்டிருந்த தண்ணீர் திறந்தவுடன் நூறுக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சிய வெப்பம் ஒவ்வொரு லிட்டரிலும் முப்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரை நொடியில் ஆவியாக்கும். அந்த ஆவியின் கன அளவு 45 லிட்டர். அது மிச்சத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு முகத்துக்கு வரும்.

எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “இனி ஹீட்டே ஆகாது” என்று அனுப்பும் பட்டறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சூடு ஏறுவதற்கான காரணத்தைத் தேடாமல் போடும் ஒட்டு அது. எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். டீசல் அதிகம் குடிக்கும். முன்னே சொன்ன அமிலமும் கசடும் உள்ளே சேரும். அடைபட்ட ரேடியேட்டரை வைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் நாக்பூர் வெயிலில் அதுவும் காப்பாற்றாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். டெம்பரேச்சர் முள்ளை நகர்த்தும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சில வண்டிகளில் முள் இறங்கிவிடும். கொதித்த வண்டியில் முள் சட்டென்று கீழே வந்தால் அது நல்ல செய்தி ஆகாது.

டயருக்கு வருவோம். பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன், அதாவது டயரின் மேற்பள்ளம், எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்பது முன்னணித் தயாரிப்பாளர்கள் பலரின் அறிவுரை. இந்த விதியில் முதலில் மாட்டுவது ஸ்டெப்னிதான். வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், வண்டியோடு வந்த அன்றே பிறந்த டயர். டயர் ரப்பரில் ஓசோனைத் தடுக்கும் மெழுகும் ரசாயனமும் கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊறிவரும். சும்மா தொங்கும் ஸ்டெப்னிக்கு அந்தப் பூச்சு சரியாகக் கிடைப்பதில்லை. பட்டன் புத்தம் புதிதாக இருக்கும் ஸ்டெப்னியில் வெடிப்புக் கோடுகள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சக்கரம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 36,000 மடிப்பு. மடக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தராது. ஒரு பகுதியைச் சூடாக வைத்துக்கொள்ளும். காற்று குறைந்தாலோ சுமை கூடினாலோ மடிப்பு ஆழமாகும், சூடு ஏறும், எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கு இடையே உள்ள ஒட்டு இளகும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே தோலுரிந்து, 250-க்கும் அதிகமானோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்ட விவகாரத்தில், 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். டயரில் குறை இருந்தது. ஆனால் விபத்துகள் அரிசோனா, டெக்சாஸ், புளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் குவிந்திருந்தன; குறைந்த காற்று, அதிவேகம், சுமை ஆகியவை அந்தக் குறையை மரணமாக்கின.

ஆகவே காற்றை விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் சுமை அளவுக்கு வைக்க வேண்டும். மதியம் டயர் சூடான பிறகு அளந்தால் ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். நைட்ரஜன் நிரப்பச் சொல்லிக் காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பிரேக் எண்ணெயைத்தான் நம்மூரில் அதிகம் மறக்கிறோம். குறைந்தால் ஊற்றுவோம், மாற்றுவது அபூர்வம். அது காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகக்கூட உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-ஆக இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு முறையே 230, 155. சமவெளியில் இந்த வித்தியாசம் ஒருநாளும் தெரியாது. இறக்கத்தில் தெரியும்.

நாக்பூரிலிருந்து திரும்பும் வழியில் தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய். நெடுஞ்சாலையில் நேராக வந்த வேகத்தோடு இறக்கத்தில் நுழையும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் மோதிக் குவியும் செய்தியைப் படிக்காத ஆண்டு இல்லை. மூன்று டன் எடையுள்ள பிக்கப் 150 மீட்டர் உயரம் இறங்கினால் 44 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். எண்பதில் வரும் அதே வண்டியை ஆறு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம் அது. கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டு வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் இறங்கினால் கணக்கு ஐந்து கோடி ஜூலைத் தாண்டும். இருபது லிட்டர் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமின்றி ஆவியாக்கப் போதுமான வெப்பம் இது. முழுவதையும் பிரேக்கிலேயே விட்டால் டிஸ்க்கும் டிரம்மும் தகிக்கும். சூடு எண்ணெய்க்கு ஏறும். ஈரம் கலந்த எண்ணெய் குமிழியிடும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சுபோல் தரை வரை போய்விடும்.

டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, அதற்கும் மேலே போய் எஞ்சினையே அணைத்துவிடுவது என்ற பழக்கத்தின் விலை இப்போது புரியும். நியூட்ரலில் எஞ்சினின் எதிர்ப்பு முழுக்க இல்லாமல்போகிறது; அணைத்தால் வாக்குவம் பம்ப்பும் நிற்கிறது. இத்தனைக்கும் டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சின் அளவுக்குப் பிடித்து இழுக்கும் குணம் கிடையாது. அமுக்கிய காற்று விரியும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் கீழ் கியரில் எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டு இறங்க வேண்டும். நவீன டீசல் எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால் ஐட்லிங்குக்காகக் கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் செலவுதான் செய்கிறார்.

சுமை வண்டிகளில் இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கு மேல் லோட் சென்சிங் வால்வு ஒன்று உண்டு. சுமை ஏறி பாடி தாழ்ந்தால், அந்தத் தாழ்வை வைத்துப் பின்சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். கூடுதல் சுமைக்காக ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை சேர்த்தால் பாடி தாழாது. ஒன்றரை டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு நம்பும். பின்பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். முன்பிரேக்கே எல்லாச் சூட்டையும் சுமக்கும். பட்டை சேர்த்தவர்கள் அந்த வால்வை மறுபடி அளவு பார்த்து வைக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு. யூ ஜாயிண்ட் கிராஸின் மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் அரைபடுகின்றன. ஸ்பிரிங் கட்டின் யூ போல்ட், சென்டர் போல்ட், ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அசைத்தால் வரும் ஆட்டம், டீசல் ஃபில்டருக்கு அடியில் தேங்கிய தண்ணீர்: இவற்றுக்கு அரை மணி நேரம் போதும்.

இவ்வளவையும் எப்போது செய்வது? கிளம்புவதற்கு முதல் நாள் செய்யக் கூடாது. இதற்கான காரணம் ஒரு போர்க்கால ஆய்விலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப்படையில் கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளர் ஆய்வுக்குழுவில் இருந்தார். நீர்மூழ்கிகளைத் தேடும் லிபரேட்டர் விமானங்கள் பறந்த நேரத்தைவிடப் பட்டறையில் கிடந்த நேரம் அதிகமாக இருந்தது. ஐம்பது மணி நேரம் பறந்தால் முழுச் சோதனை என்பது விதி. வாடிங்டன் குழு பழுதுகளை எல்லாம் கட்டம்போட்டு எழுதிப் பார்த்தது. சோதனை முடிந்து வெளியே வந்த உடனே பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. சோதனையே புதுப் பழுதுகளைப் புகுத்திக்கொண்டிருந்தது. 1978-இல் அமெரிக்க விமானத் துறையில் நோலனும் ஹீப்பும் எழுதிய அறிக்கை இதை இன்னும் விரிவாகக் காட்டியது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதாக ஆகப் பழுதாகும் தன்மை கொண்டவை. பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு மிக ஆபத்தானது பொருத்திய தொடக்கக் காலம்.

பிக்கப்பும் விமானமும் ஒன்றல்ல. ஆனாலும் பத்து வருடம் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் கனெக்டரைக் கழற்றினால் அதன் கொக்கி உடையும். ஒரு கிளிப்பை இறுக்க மறப்பார்கள். புதிதாக வாங்கிய பம்ப்பே போலியாக இருக்கும். வயதால் கெடுபவை எவை என்று நமக்குத் தெரியும்: பெல்ட், குழாய், கூலண்ட், மூடி, பிரேக் எண்ணெய், டயர். அவற்றை மட்டும் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக மாற்றிவிட்டு, வழக்கமான வேலைக்கு வண்டியை விட வேண்டும். ஒழுங்காக ஓடும் ஆல்டர்நேட்டரையும் இஞ்செக்டரையும் “எதற்கும் பார்த்துவிடுவோம்” என்று பிரிக்கக் கூடாது. இடையில் ஒருநாள் முழுச் சுமையோடு நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் போய்வந்து, பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து ஈரம் எங்கே கசிகிறது என்று பார்த்தால் புதுச் சாமானின் குறைகளில் பெரும்பாலானவை ஊர் எல்லைக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும்.

முன்னதாகவே முடித்துவிட வேண்டும் என்ற இந்த விதிக்குள் சக்கர நட்டு மட்டும் அடங்காது. டயர் மாற்றக் கழற்றிப் பூட்டிய சக்கரம் முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் தன் இடத்தில் அமர்ந்து நட்டுகளைத் தளர்த்தும். புது டயர் போட்ட அன்று ஒருமுறை, சோதனை ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை, சுமையோடு கிளம்பிய பிறகு கரூரைத் தாண்டி டீக்கு நிறுத்தும் இடத்தில் ஒருமுறை ஸ்பேனரைப் போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும்.